வந்ததுதான் வந்தோம்!

வேளாங்கண்ணியில் அறை எடுத்து, லீவு முழுக்க ஏசியைப் பதினெட்டில் வைத்துப் போர்த்திக்கொண்டு தூங்கியவர், ஊர் திரும்பும் நாளன்று மட்டும் விடியற்காலை நான்கு மணிக்கு எல்லோரையும் உலுக்கி எழுப்பினால், அவர் 'வந்ததுதான் வந்தோம்' வகையைச் சேர்ந்தவர்தான். சென்னைக்கு 300 கிலோமீட்டருக்கும் மேல் சாலை. ஓட்டப்போவது அவர் ஒருவரே. ஆனாலும், "வந்ததுதான் வந்தோம், அப்படியே நாலு எடத்தப் பாத்துட்டுப் போயிடலாமே" என்பார். மனைவி பதில் சொல்லாமல் வாந்தி மாத்திரையைத் தேடுவார்.

முதல் நிறுத்தம் நாகப்பட்டினம். ஐஸ் படாத வஞ்சிரம் வேண்டும். இவர் வந்திருப்பதோ மே மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். "போட்டெல்லாம் கட்டிக் கெடக்கு சார், வஞ்சிரத்துக்கு எங்க போறது?" என்று மீன்காரம்மா சிரிப்பார். வெறுங்கையோடு திரும்பினால் கௌரவம் என்னாவது? இரண்டு கிலோ நெத்திலிக் கருவாடு டிக்கியில் ஏறும்.

அடுத்தது பெட்ரோல். காரைக்கால் புதுச்சேரியின் பகுதி. அங்கே லிட்டருக்குச் சில ரூபாய் மலிவு. அதற்காகவே டேங்கைக் காயப்போட்டு வைத்திருப்பார். நாகூரை நெருங்கும்போது எச்சரிக்கை விளக்கு எரிய, ஏசி அணையும். கருவாடு தன் இருப்பைத் தெரிவிக்கத் தொடங்கும். தர்காவின் 131 அடிப் பெரிய மனோரா தெரிந்ததும், காரை நிறுத்தாமலே "நாகூர் பாத்தாச்சு" என்று அறிவிப்பார். நிறுத்தினால் மறுபடி கிளம்புமோ என்ற பயம்!

தரங்கம்பாடியில்தான் வரலாற்று வகுப்பு. "டச்சுக்காரன் கோட்டைடா இது."

"டேனிஷ்னு போர்டுல போட்டிருக்கேப்பா."

"எல்லாம் வெள்ளைக்காரன்தானே. நேரா நில்லு, போட்டோ எடுக்கணும்."

தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் இடம் பெற்று 1620இல் டென்மார்க்காரர்கள் கட்டிய கோட்டை அது. 1706இல் அங்கே வந்திறங்கிய பாதிரியார் சீகன்பால்கு, தமிழ் படித்து, அச்சுக்கூடம் வைத்து, 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். 1845இல் டென்மார்க்காரர்கள் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். அப்படிப்பட்ட ஊரில் நம்மவர் இருந்தது ஓர் இளநீர் குடிக்கும் நேரம். அதிலும் பாதி, இளநீர்க்காரரிடம் விலை பேசியதில் போனது.

திருக்கடையூரில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அறுபதாம் கல்யாணத்துக்குப் பேர்போன ஊர். இவருக்கு வயது நாற்பத்தேழு. "வந்ததுதான் வந்தோம், மண்டப வாடகை என்னன்னு விசாரிச்சு வெச்சுடலாம்" என்று இறங்கிவிட்டார். பதிமூன்று வருடத்துக்கு முன்பே விசாரிக்க வந்தவரை மண்டப மேனேஜர் ஏற இறங்கப் பார்த்தார். மனைவி காரைவிட்டே இறங்கவில்லை.

பிச்சாவரம் போய்ச் சேரும்போது படகு டிக்கெட் கவுன்டர் மூடியிருக்கும். காவலாளியிடம் "ஒரே ஒரு ரவுண்டு" என்று கெஞ்சி, கடைசியில் பெயர்ப்பலகையோடு படம் எடுத்துக்கொள்வார். கடலூர், புதுச்சேரி, மரக்காணம் உப்பளம் எல்லாம் இருட்டில் கடந்துபோகும். நள்ளிரவில் மாமல்லபுரம் வரும்போது கார் மெல்ல வேகம் குறையும். "வந்ததுதான்..."

அதுவரை பின் சீட்டில் கருவாட்டு வாசனையோடு மௌனவிரதம் இருந்த மாமியார் வாய் திறப்பார்: "கடற்கரைக் கோயில் ஆயிரத்து முந்நூறு வருஷமா அங்கயேதான் இருக்கு மாப்பிள்ளே. நாளைக்கும் இருக்கும். வீட்டுக்குப் போங்க."

இவர் ஊர் பார்க்கும் ஆசையில் அலைகிறார் என்று நினைத்தால் தப்பு. ஆசை இருந்திருந்தால் முந்தின நாட்களில் போர்வையை விலக்கியிருப்பார். இவருக்குப் பயமெல்லாம் திங்கட்கிழமையைப் பற்றித்தான். ஆபீசில் எவனாவது "அவ்வளவு தூரம் போயிட்டு பிச்சாவரம் பாக்கலையா?" என்று கேட்டுவிட்டால்? அந்த ஒரு கேள்விக்கு "இல்லை" என்று சொல்லாமலிருக்கத்தான் மொத்தக் குடும்பமும் பதினெட்டு மணி நேரம் காரில் வேகிறது.

தரங்கம்பாடி நிதானமாகப் பார்க்க வேண்டிய ஊர். ஒரு நாள் ஒதுக்கிப் போய் வாருங்கள். தயவுசெய்து இவர் காரில் மட்டும் ஏறாதீர்கள்.