மீட்டர் ஓடுது சார்

புதுக்கோட்டைப் பக்கம், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் தன் பண்ணைக்குட்டையைப் பெரிதாக்கக் கிளம்பியது ஒரு சித்திரை மாதம். ஐம்பதுக்கு ஐம்பது, ஐந்தடி ஆழம் என்று இருந்ததை எண்பதுக்கு எண்பது, பத்தடி ஆக்குவது திட்டம். கொள்ளளவு 64,000 கன அடி என்று பழைய டைரியில் எழுதி அடிக்கோடும் போட்டாயிற்று.

வண்டி வந்தது. இங்கிலாந்தில் ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு 1945-ல் தொடங்கிய கம்பெனியின் பெயர்ச் சுருக்கம்தான் ஜேசிபி. நம் ஊரில் யார் செய்த வண்டியானாலும் சரி, டயர் இருந்தால் ஜேசிபி, செயின் இருந்தால் இட்டாச்சி. ஜேசிபி மண் தோண்டுவதை வேடிக்கை பார்க்கிற கூட்டத்தை வைத்து 2019-ல் நாடு முழுக்க மீம் போட்டுச் சிரித்தார்கள். வாத்தியார் தோட்டத்தில் காலை எட்டு மணிக்குள் பதினான்கு பேர். ஆளுக்கொரு யோசனை.

"சரிவு எவ்வளவு சார்?" என்றார் டிரைவர்.

"சரிவு எதுக்குத் தம்பி?"

"செங்குத்தா வெட்டினா முதல் மழைக்கே கரை உள்ள வந்துரும் சார். பத்தடி இறங்கினா பத்தடி உள்ள தள்ளி வரணும்."

அப்படியானால் அடித்தளம் அறுபதுக்கு அறுபதுதான். டைரி மறுபடி திறந்தது. விடை 49,333. காலமெல்லாம் பிள்ளைகளுக்கு இடைக்கண்டத்தின் கனஅளவு நடத்தியவர், சொந்தக் குட்டைக்கு அதை மறந்திருந்தார். நாலு லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர், வெயில் படும் முன்பே ஆவியானது. அதுவரை இன்ஜின் உறுமிக்கொண்டுதான் இருந்தது. மண் அள்ளினாலும் வாத்தியார் யோசித்தாலும் மீட்டருக்கு எல்லாம் ஒன்று.

இறுகிக் கிடக்கிற மண்ணை வெட்டி வெளியே போட்டால் கால்பங்கு உப்பும். நூறு கன அடி ஒரு யூனிட்; பழைய குட்டை போக 390 யூனிட் வெட்டினால், கரையில் கிடப்பது கிட்டத்தட்ட 490. மூன்று தென்னங்கன்றுகளை விழுங்கி நின்ற மேட்டைப் பார்த்துவிட்டு, "குட்டை வெட்டப் போறேன்னுதானே சொன்னீங்க? மலை எப்ப வாங்கினீங்க?" என்றார் வீட்டம்மா.

பத்தடியில் நல்ல களிமண் தட்டியது. அதோடு நிறுத்தலாம் என்றார் டிரைவர். "வந்த வண்டி, இன்னும் ஓரடி போடச் சொல்லுங்க" என்றார் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர். ஓரடிக்கு ஒரு லட்சம் லிட்டர் என்று வாத்தியாரின் மனசு பெருக்கிவிட்டது. அந்த ஓரடியில் களி முடிந்து, ஓட்டை ஓட்டையாகச் செம்புறாங்கல் தலைகாட்டியது.

ஐப்பசி மழையில் குட்டை நிறைந்தது. வாத்தியார் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் சொந்தபந்தத்துக்கெல்லாம் அனுப்பினார். பாராட்டு வந்து முடிவதற்குள் தண்ணீர் வடிந்துவிட்டது. அந்த வாரம் பெரியவரின் கிணற்றில் மட்டும் நாலு படி ஏறியிருந்தது.

மறு சித்திரையில், மேட்டுக்குள் புதைந்த களிமண்ணைத் தேடியெடுத்துக் குட்டைக்குள் பரப்பிக் கெட்டிக்க அதே வண்டி வந்தது. பெரியவர் ஏழரைக்கே ஆஜர்.

"ரொம்பக் கெட்டியா அடைச்சிராதீங்க சார், கொஞ்சம் மூச்சு விடட்டும்" என்றார்.

வாத்தியார் டைரியைத் தேடினார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.