மிஞ்சிய ஸ்க்ரூ: ஓசூர் வட்டாரத்தை முன்வைத்து ஒரு நோக்கு

அசெம்பிள்டு கம்ப்யூட்டரைத் தொல்காப்பிய நெறியில் எவரும் ஆராயவில்லை என்ற பெருங்குறையைப் போக்கவே இக்கட்டுரை. தொல்காப்பியம் எழுத்து, சொல், பொருள் என மூன்று அதிகாரம். கடைக்காரர் கொடுக்கும் கொட்டேஷன் சீட்டு எழுத்து. “ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணும் ஆகாது சார்” என்பது சொல். வீட்டுக்கு வந்து டப்பாவைப் பிரித்தால் கிடைப்பது பொருள். மூன்றும் ஒத்துப்போனதற்குச் சான்று கிட்டவில்லை (சீட்டு, வரி 3).

நிலம் இரண்டு. 40 கிலோமீட்டரில் பெங்களூரு எஸ்.பி. ரோடு, 300 கிலோமீட்டருக்கு அப்பால் சென்னை ரிச்சி தெரு. தமிழ்ப்பற்று ரிச்சி தெரு பக்கம், பஸ் சார்ஜ் எஸ்.பி. ரோடு பக்கம். 2017 ஜூலைக்கு முன், ஜூஜுவாடி செக்போஸ்டைத் தாண்டும்வரை மடியில் மதர்போர்டு, வழியில் பயம். ஜி.எஸ்.டி. வந்ததும் இந்த மெய்ப்பாடு வழக்கொழிந்தது.

உறுப்புகளுக்கு வருவோம். புராசஸர்: நம் பட்ஜெட்டைக் கேட்டுவிட்டுக் கடைக்காரர் தேர்ந்தெடுப்பது. கேபினெட்: பையன் தேர்ந்தெடுப்பது. ராம்: டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 இரண்டுக்கும் 288 பின்தான். நடுவெட்டு மட்டும் இடம் மாறியிருப்பதால் ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது உட்காராது. எண் பொருத்தம் உண்டு, தாலி ஏறாது. எஸ்.எம்.பி.எஸ்.: மாம்பழம்போல் கையில் ஏந்தி எடை பார்ப்பது கிருஷ்ணகிரி மரபு (மேற்படி சீட்டு, பின்பக்கம், டீக்கறைக்குக் கீழே பென்சில் குறிப்பு).

இனி ஆய்வின் உயிர்நாடி. எல்லாம் பூட்டி, மூடியும் போட்டபின் மேஜைமேல் ஒரு ஸ்க்ரூ கிடக்கும். பில்லில் வராத உறுப்பு இது ஒன்றே. கேபினெட்டோடு பை நிறைய ஸ்க்ரூ தருகிறார்கள், ஆகவே இது இடைச்செருகல் என்பது ஒரு சாரார் கொள்கை. அல்ல, எங்கோ விடுபட்ட பாடம் என்பர் மற்றையோர். (சீட்டின் மடிப்பு வழியே வெளிச்சத்தில் பிடித்தால் மட்டும் தெரியும் வரி காண்க, அங்கே ‘ஸ்க்ரூ 1’ என்பது ஏட்டுப் பிழை, ‘துவரம்பருப்பு 1 கிலோ’ என்பதே மூலபாடம் என்கிறார் அதன் மேலேயே மளிகைக் கணக்கு எழுதிய என் மனைவி.) இதைத் தீர்க்கப் பாகலூர் ரோடு டீக்கடையில் கருத்தரங்கு கூடியது. அத்திப்பள்ளியிலிருந்து ஒருவர் வந்ததால் அது தேசியக் கருத்தரங்கு. அவருடைய மச்சான் துபாயிலிருந்து போன் செய்தவுடன் பன்னாட்டுக் கருத்தரங்காகி, சான்றிதழுக்குத் தகுதி பெற்றது.

சிப்காட்டில் டூல்ரூம் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுத் தம்பிக்கு இந்தக் கொள்கைகளில் பயிற்சி போதாது. வெர்னியரை எடுத்தார். “மூணரை மில்லி இருக்குண்ணா. எம்-3 இல்ல, இன்ச் ஸ்க்ரூ, 6-32. எஸ்.எஸ்.டி.க்கு எம்-3 போடுவாங்க. இது பெரிய ஹார்ட் டிஸ்க்குக்கோ போர்டுக்கோ உள்ளது. உங்ககிட்ட ஹார்ட் டிஸ்க்கே இல்லையே. போர்டுல ஒன்பது ஓட்டை இருக்கும். மூடியைத் தொறங்க, எண்ணிடலாம்.”

மறுத்துவிட்டேன். மூலத்தைத் திறந்து பார்ப்பது நம் துறை வழக்கமில்லை. பார்த்துவிட்டால் அடுத்த கட்டுரைக்கு எங்கே போவது? அவர் செகண்ட் ஷிப்ட்டுக்குக் கிளம்பினார்.

கம்ப்யூட்டர் ஓடுகிறது. நேற்றுக் கூட்டுவதற்காக நகர்த்தியபோது உள்ளே இன்னொன்று உருண்டது. அது இரண்டாம் தொகுதியில்.