கல்லாப்பெட்டி முதலாளி

குடும்ப வியாபாரத்தின் முதலாளி, லட்சுமி படத்துக்குக் கீழே, கல்லாப்பெட்டிக்குப் பின்னால் காணப்படுவார். மதுரை கீழமாசி வீதி, விருதுநகர், ஈரோடு என்று எந்தக் கடைத்தெருவிலும் இவர் உண்டு. வியாபாரம் வேறு, உரிமையாளர் வேறு என்பது கணக்குப்பதிவியலின் அரிச்சுவடி. அது இவர் கடைப்படி ஏறியதில்லை. பால்காரருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மச்சினர் வீட்டு மொய்க்கும் பணம் போவது ஒரே பெட்டியிலிருந்துதான். கணக்குப்பிள்ளை அவற்றைச் சொந்தப் பற்றில் எழுதுவார். எதிலும் சேராதவை 'இதர செலவு'. இதர செலவு வீங்கிய வருடத்தில் வீட்டில் ஒரு கல்யாணம் நடந்திருக்கும்.

சிக்கனத்துக்கு இவரிடம் தனி அளவுகோல் உண்டு. ஆள் இல்லாத இடத்தில் மின்விசிறி சுற்றினால் கடை முழுக்கக் கேட்கும்படி சத்தம் போடுவார். அதே மனிதர், ஐந்து லட்சம் ரூபாய்ச் சரக்கை ஒரு போன் பேச்சில் கடனுக்கு ஏற்றி அனுப்புவார். வாங்குபவரின் ஐந்தொகையைப் பார்த்திருக்க மாட்டார். "அவங்க அப்பா நாணயமானவரு" என்பதே போதுமான ஜாமீன். அப்பா போய்ச் சேர்ந்து இருபது வருடமாகியிருக்கும்.

பணம் கொடுப்பதற்குக் காலநேரம் உண்டு. வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகு காலம்; காசோலையில் கையெழுத்து விழாது. விளக்கு வைத்த பிறகு காசு வெளியே போகாது. வருகிற பணத்துக்கு இந்தத் தோஷம் எதுவும் கிடையாது. "பார்க்கலாம்" என்றால் முடியாது. "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்றால் விஷயம் நிஜமாகவே பரிசீலனையில் இருக்கிறது.

அந்த வீட்டுக்காரம்மா, 1932-ஆம் வருட கூட்டாண்மைச் சட்டப்படி எழுதிய பத்திரத்தில், செயல்படாத பங்குதாரர். புதுக் கிடங்கு வாங்கலாமா என்பது தீர்மானமாவதோ அவர் தோசை சுடும் நேரத்தில். வங்கி மேலாளர் சிசி எனும் ரொக்கக் கடன் வரம்பை உயர்த்த ஒரு மூட்டைக் காகிதம் கேட்பார். அம்மாவின் நகை ஒரே சாயங்காலத்தில் அடகுக்குப் போய்ப் பணமாகிவிடும். அதற்கு அவர் வாங்கும் வட்டி, மீட்கும்போது கூடவே இரண்டு சவரன். வருமான வரிச் சட்டம் பங்குதாரரின் முதலுக்கு 12 சதவீதம் வரைதான் வட்டியைச் செலவாக ஏற்கும். இந்த வட்டி ஆடிட்டர் கண்ணில் படுவதில்லை.

எம்.பி.ஏ. முடித்த மகன் இந்த ஏற்பாட்டைத் திருத்த வருவார். கம்ப்யூட்டர் வாங்கச் சொல்லி அவர் மன்றாடியபோது அசையாத அப்பா, 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் வாங்கினார், அதன்மேல் உறை போட்டு, பக்கத்தில் பழைய பேரேட்டையும் வைத்துக்கொண்டார். மகனுக்குச் சம்பளம் கிடையாது. கேட்டால், "எல்லாம் உனக்குத்தானேப்பா" என்று பதில் வரும். எப்போது என்பதற்குத் தேதி இல்லை. ஐம்பது வயதானாலும் கடைத்தெருவில் அவர் 'சின்ன முதலாளி'தான்.