அனுமாருக்கு ஒரு சீட்

கந்தசஷ்டிக்கு ஊரெல்லாம் சூரனை வதைப்பார்கள். திருத்தணியில் வதம் கிடையாது. சண்டையை முடித்துவிட்டு வந்த முருகன் கோபம் தணிந்து நின்ற மலை என்பதால் புஷ்பாஞ்சலியோடு சரி. அந்த ஊர்க்காரன் என்ற மரியாதைக்கு நானும் ‘ஆதிபுருஷ்’ படத்தைப் பூவாலேயே அடிக்கிறேன். பூவில் முள் இருந்தால் பூக்காரரைக் கேளுங்கள்.

2022 அக்டோபரில் அயோத்தியில் டீசர் விட்டார்கள். ராமாயணம் பார்க்க வந்த நாடு சிரித்தது. ஜனவரி ரிலீஸ் ஜூனுக்குப் போனது. 500 கோடி என்று பேச்சு. அத்தனை கோடிக்கும் கிடைத்த ராவணன், மலைப்பாம்புகளை மேலே ஏறவிட்டு மசாஜ் செய்துகொள்கிறான். அவன் பத்துத் தலையும் மேலே அஞ்சு, கீழே அஞ்சு என்று இரண்டு வரிசையில் நிற்கின்றன, பள்ளிக்கூட குரூப் போட்டோ மாதிரி. புஷ்பக விமானம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ராட்சத வௌவால்.

1958இல் வந்த ‘சம்பூர்ண ராமாயணம்’ படத்தில் ராவணனாக வந்த டி.கே.பகவதிக்கு ஒரே தலைதான் போதுமானதாக இருந்தது. கையில் வீணை, பின்னால் சி.எஸ்.ஜெயராமன் குரல். ஆயுதமெல்லாம் இழந்து, பகைவன் போட்ட உயிர்ப்பிச்சையோடு தலைகுனிந்து இலங்கைக்குத் திரும்புவானே, அந்த நடைக்கு எந்த கிராபிக்ஸ் கம்பெனியில் பில் போடுவார்கள்? சினிமா என்றாலே முகம் சுளிக்கும் ராஜாஜியே சிவாஜியின் பரதனைப் பார்த்துவிட்டுப் பாராட்டினார். அந்தப் படத்தின் ராமன் என்.டி.ராமராவ். அப்போது திருத்தணி ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் எங்கள் மலையைத் தமிழ்நாட்டுக்குக் கேட்டுப் போராடிய காலம். மலை கைக்கு வந்தது 1960 ஏப்ரல் 1ஆம் தேதி. எல்லைக்கு அடித்துக்கொண்ட ஜனங்கள், ராமன் எந்த ஊர்க்காரர் என்று கேட்கவில்லை. திரையில் ராமனைப் பார்த்தார்கள், கும்பிட்டார்கள்.

‘சம்பூர்ண ராமாயண’த்துக்கு முந்தைய வருஷம் ‘மாயா பஜார்’. கே.வி.ரெட்டி டைரக்ஷன், மார்க்கஸ் பார்ட்லி கேமரா, தமிழிலும் தெலுங்கிலும் எடுத்தது. எல்லையில் வாழ்கிறவனுக்கு இரட்டை லாபம். எஸ்.வி.ரங்காராவின் வாய்க்குள் லட்டு தானாகப் பறந்து போகிறதே, அதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். என் ஓட்டு அதற்கு இல்லை. கடோத்கஜன் வத்சலா வேஷம் போட்டுக் கல்யாண மண்டபத்துக்கு வருகிற இடத்துக்கு. உடம்பு சாவித்திரி, உள்ளே இருப்பது ரங்காராவ். தோளை ஒரு மாதிரி அகட்டுவார், கண்ணை உருட்டி ஒரு முறைப்பு, மாப்பிள்ளை தங்கவேலுவின் காலில் ஒரு மிதி. மறுகணம் வெட்கப்பட்டுத் தலை குனிவார். மலை போன்ற ராட்சசனை ஒரு பட்டுப்புடவைக்குள் மடித்து வைத்துக் காட்டிய பெண் அவர். கம்ப்யூட்டர் என்ற சொல்லையே கேட்டிராத வாகினி ஸ்டுடியோவில்.

சினிமாவை விடுங்கள். எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து முடிகிற அன்று படுகளத்தில் மண்ணால் ஒரு துரியோதனனைப் படுக்க வைப்பார்கள். ராத்திரியெல்லாம் ஆடிக் களைத்த பீமன் வேஷக்காரர், அரிதாரம் வியர்வையில் வழிய, அந்தத் தொடையில் அடிப்பார். மண் என்று தெரியும். அடிப்பவர் பக்கத்துத் தெருக்காரர் என்றும் தெரியும். இருந்தும் கிழவிகள் ஐயோ என்று வாயில் அடித்துக்கொள்வார்கள். செலவு நாலு வண்டி மண்.

நம்ப வைப்பது ஆடுகிறவன் வேலை. ‘ஆதிபுருஷ்’ கூட்டம் அந்த வேலையை நம் தலையில் கட்டியது. பக்தியை நாமே வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வர வேண்டும்; அவர்கள் திரையும் 3டி கண்ணாடியும் தருவார்கள். அதற்கு முன்பணமாகத்தான் ஒவ்வொரு தியேட்டரிலும் அனுமாருக்கு ஒரு சீட் காலியாக விட்டார்கள். சாமியே உட்கார்ந்து பார்க்கிற படத்தை எவன் குறை சொல்வான் என்ற கணக்கு. பாவம் அனுமார்! மற்றவர்கள் இடைவேளையில் எழுந்து போகலாம். அவர் எல்லாக் காட்சியும் பார்த்தாக வேண்டும். சிரஞ்சீவி வேறு.

திரையிலோ அவரைப் பேட்டை ரவுடி போலப் பேச விட்டார்கள். வாலில் தீ வைத்தவனிடம் துணிக்கும் எண்ணெய்க்கும் அப்பனை இழுக்கிறார். ஜனங்கள் கொதித்ததும் வசனகர்த்தா மனோஜ் முன்தஷிர் ஒரு விளக்கம் தந்தார்: அனுமார் கடவுள் இல்லையாம், பக்தராம். அப்படியென்றால் சீட் யாருக்கு ஐயா? வசூலுக்குக் கடவுள், வசவு விழும்போது வெறும் பக்தர்! அடுத்த விளக்கம், இது ராமாயணமே இல்லை, அதைத் தழுவியது. ராமன், லட்சுமணன், அனுமார், ராவணன், இலங்கை எல்லாவற்றையும் காட்டிவிட்டு ராமாயணம் இல்லை என்கிறீர்களா என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் கேட்டது. எங்கள் ஊர்த் தேர்க்கடைக்காரர்கூட பொம்மை உடைந்தால் ‘நான் விற்றது பொம்மையே இல்லை’ என்று சொல்ல மாட்டார்.

வசனத்தை மாற்றி ஒட்டினார்கள். வடக்கே டிக்கெட்டை 150 ரூபாய்க்கு இறக்கினார்கள். ஜூலை 8ஆம் தேதி வசனகர்த்தா கைகூப்பி மன்னிப்பும் கேட்டார். பேசிய வசனத்தை வாபஸ் வாங்கிய மகான்கள், வாங்கிய டிக்கெட் காசைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.