நம்பர் சொல்லுங்க சார்!

கர்ச்சீப் வாங்கினாலும் மொபைல் நம்பர் கேட்கிறார்களே, கொடுத்துத்தான் ஆக வேண்டுமா? (திருநெல்வேலி)

வேண்டியதில்லை. நம்பர் தராவிட்டால் பில் கிடையாது என்பது நியாயமற்ற வணிக முறை என்று 2023 மே மாதமே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை சொல்லிவிட்டது. பில் போடும் பெண்ணிடம் மட்டும் எரிந்து விழாதீர்கள். கேட்கச் சொன்னவர் ஏசி அறைக்குள் இருக்கிறார்.

லாட்ஜில் ஆதார் ஜெராக்ஸ் கேட்கிறார்கள். என்ன செய்வது? (வேலூர்)

முதல் எட்டு இலக்கத்தை மறைத்து, கடைசி நான்கை மட்டும் காட்டும் அட்டையை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே இறக்கலாம். அதைக் கொடுங்கள். 2022 மே மாதம் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகமும் இதைத்தான் சொன்னது: கண்ட இடத்தில் ஜெராக்ஸ் தராதீர்கள், மறைத்த ஆதாரைக் கொடுங்கள் என்று. தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று சொல்லி மத்திய அரசு இரண்டே நாளில் அந்த அறிவிப்பை வாபஸ் வாங்கியது. எனக்கென்னவோ மக்களுக்கு நன்றாகவே புரிந்துவிட்டது என்றுதான் படுகிறது.

‘நான் ஒரு தப்பும் செய்யவில்லை, மறைக்க என்ன இருக்கிறது?’ என்கிறார் என் கணவர். (கும்பகோணம்)

நெதர்லாந்தில் பிறப்பு, முகவரி, மதம் என்று எல்லாவற்றையும் அரசுப் பதிவேட்டில் ஒழுங்காகச் சொல்லி வைத்திருந்த யூதர்களும் ஒரு தப்பும் செய்யவில்லை, அம்மா. 1940-இல் ஜெர்மானியர் நுழைந்தார்கள். அந்தப் பதிவேடு அவர்கள் கைக்குப் போனது. நாட்டிலிருந்த யூதர்களில் ஏறக்குறைய நான்கில் மூவர் கொல்லப்பட்டார்கள். 1943 மார்ச் 27 இரவு எதிர்ப்பு இயக்கத்தார் ஆம்ஸ்டர்டாம் பதிவு அலுவலகத்துக்கே தீ வைத்தார்கள். பன்னிரண்டு பேர் அதற்காகச் சுடப்பட்டார்கள்.

இன்று விவரம் கேட்கிறவர் தங்கமானவராகவே இருக்கட்டும். நாளை அந்த நாற்காலியில் யார் உட்காருவார் என்று உங்கள் கணவருக்குத் தெரியுமா?

அது ஹிட்லர் சங்கதி. ஜனநாயகத்தில் நடக்குமா? (கோவை)

நடந்தது. அமெரிக்கா, 1942. ஜப்பானிய வம்சாவளியினர் எந்தப் பகுதியில் எத்தனை பேர் என்ற கணக்கை சென்சஸ் அலுவலகம் ராணுவத்துக்குத் தந்தது. சுமார் 1,20,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள், பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். சென்சஸ் இயக்குநர் மன்னிப்புக் கேட்டது 2000-இல். பலர் காதில் அது விழவே இல்லை; அதற்குள் இறந்துவிட்டிருந்தார்கள்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று நமக்கு வாங்கித் தந்தது எந்த இளைஞர் பட்டாளம்? (மதுரை)

86 வயது இளைஞர்! ஓய்வுபெற்ற கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி. 2012-இல் ஆதாரை எதிர்த்து வழக்குப் போட்டார். அப்படியோர் அடிப்படை உரிமையே கிடையாது என்று அரசு வாதாடியது. 2017 ஆகஸ்ட் 24-இல் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் ‘உண்டு’ என்றார்கள். புட்டசாமி 2024-இல், 98 வயதில் மறைந்தார். அவருக்கு நாம் பட்ட கடன் பெரிது.

அந்தத் தீர்ப்பில் அப்பா–மகன் கதை ஒன்று உண்டாமே? (காரைக்குடி)

உண்டு. நெருக்கடி நிலையில், 1976-இல், காரணமின்றிப் பிடித்துப் போட்டாலும் கோர்ட்டுக்கு வர முடியாது என்று நான்கு நீதிபதிகள் சொன்னார்கள். அவர்களில் ஒருவர் ஒய்.வி. சந்திரசூட். 41 ஆண்டு கழித்து அந்தத் தீர்ப்பு தவறு என்று எழுதியவர் அவர் மகன் டி.ஒய். சந்திரசூட். 1976-இலேயே தனியாளாக மறுத்து எழுதிய எச்.ஆர். கன்னாவுக்குத் தலைமை நீதிபதி பதவி கைநழுவியது. பெயர் நழுவவில்லை.

ஆதார் நம்பரைப் பகிரங்கமாகப் போட்டுச் சவால் விட்டாரே ஓர் அதிகாரி? (சென்னை)

ஆர்.எஸ். சர்மா, அப்போது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ட்ராயின் தலைவர். 2018 ஜூலை. சில மணி நேரத்தில் அவர் மொபைல் நம்பர், முகவரி, பிறந்த தேதி எல்லாம் வலையில் வந்தன. ஒருவர் அவர் கணக்கில் ஒரு ரூபாயே போட்டார்! ஆதார் கிடங்கிலிருந்து எதுவும் கசியவில்லை என்றது ஆதார் ஆணையம். கையோடு, யாரும் இப்படி நம்பரைப் பொதுவில் போடாதீர்கள் என்றும் அறிவுறுத்தியது.

500 ரூபாய்க்கு ஆதார் விவரம் விற்றதாக ஒரு செய்தி வந்ததே, அது என்ன ஆயிற்று? (ஈரோடு)

2018 ஜனவரியில் ‘ட்ரிப்யூன்’ பத்திரிகை எழுதியது. எழுதிய நிருபர் பெயரே எஃப்.ஐ.ஆரில் ஏறியது.

சி.பி.ஐ. என்று வீடியோ காலில் வந்து ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்கிறான். என் பெயர், ஆதார் நம்பர் எல்லாம் சரியாகச் சொல்கிறான்! (தஞ்சாவூர்)

அதனால்தான் பயந்தீர்கள். சந்தையில் கசிந்த விவரம் அவனுக்கு முதலீடு. நம் சட்டத்தில் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று இல்லவே இல்லை. போனை வையுங்கள், 1930-ஐக் கூப்பிடுங்கள்.

புதுத் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் கம்பெனிக்கு 250 கோடி வரை அபராதமாம். நமக்கு எவ்வளவு வரும்? (சேலம்)

ஒரு பைசா வராது. அபராதம் அரசுக் கஜானாவுக்கு. ஆனால் பொய்ப் புகார் கொடுத்ததாகத் தெரிந்தால் நாம் 10,000 ரூபாய் வரை கட்ட வேண்டும். அடி நமக்கு, அபராதப் பணம் அரசுக்கு.

அரசாங்கத்துக்கும் அந்தச் சட்டம் பொருந்துமா? (நாகர்கோவில்)

பொருந்தும், மத்திய அரசு விலக்குத் தராத வரை. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று சொல்லி எந்த அரசு அமைப்பையும் அது விலக்கலாம். பரீட்சை எழுதியவனிடமே விடைத்தாளைத் திருத்தக் கொடுத்திருக்கிறார்கள்.

தகவல் அறியும் உரிமையை அந்தச் சட்டம் வெட்டிவிட்டது என்கிறார்களே, நிஜமா? (விழுப்புரம்)

நிஜம். எனக்கு மனம் ஆறாத இடம் இது. முன்பெல்லாம் ஓர் அதிகாரியைப் பற்றிய தனிப்பட்ட தகவல் என்றாலும், பொதுநலன் இருந்தால் கொடு என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவிலேயே இருந்தது. அந்த வரியை எடுத்துவிட்டார்கள். இப்போது ‘தனிப்பட்ட தகவல்’ என்று சொன்னால் போதும், கதவு சாத்தலாம். பொதுநலனுக்கு 8(2) இன்னும் இருக்கிறதே என்பார்கள். அதைப் பிடித்து வாதாட, மனுப் போட்ட கிராமத்து மனிதர் வக்கீலாகவும் இருக்க வேண்டும்.

நூறு நாள் வேலையில், வேலைக்கே வராதவர் பெயரில் சம்பளம் எடுத்ததை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? பெயர்ப் பட்டியல் வேண்டும். பெயர்தான் இனி தனிப்பட்ட தகவல்!

தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வந்தன. நம் விவரத்தைப் பத்திரமாக வைக்கும் கடமைக்குக் கம்பெனிகளுக்கு 18 மாதம் அவகாசம். தகவல் உரிமையை வெட்டிய திருத்தத்துக்கு ஒரு நாள்கூட அவகாசம் கேட்கவில்லை. உடனே அமல்.