அது அழகுக்குத்தான் சார்

இந்தக் காலத்துக் கார்களின் முகத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். எதிரே வருகிற வண்டியெல்லாம் ஏன் நம்மைப் பார்த்து முறைக்கிறது என்பது என் நெடுநாள் சந்தேகம். அதற்குள் மைத்துனர் போன வாரம் எடுத்த புதுக் கார் வந்து காரியத்தைக் கெடுத்தது.

கூரையின் இரண்டு பக்கமும் பளபளவென்று கம்பி. ஊரிலிருந்து ஏற்றி வர வேண்டிய வாழைத்தாரை அதில் கட்டலாம் என்று கயிற்றை எடுத்தேன். மைத்துனர் அலறிவிட்டு ஷோரூமுக்கே போன் போட்டார். "அது அழகுக்குத்தான் சார், வெயிட் ஏத்தாதீங்க. ஒட்டுனதுதான்" என்று மறுமுனையில் பணிவாகச் சொன்னார்கள்.

அழகுக்காம்!

அம்பாசடரில் அழகுக்கென்று எதுவும் இருந்ததாக நினைவில்லை. மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற இங்கிலாந்துக் காரின் அச்சு அது. 1950-களின் கடைசியிலிருந்து 2014-இல் உத்தரபாரா ஆலை மூடும்வரை மார்க் 2, மார்க் 3, மார்க் 4 என்று பேர் மாறியதே தவிர உடம்பு மாறவில்லை. முன்பக்கக் கிரில்லைப் பார்த்துத்தான் வயதைச் சொல்ல வேண்டும். கூரை ஓரத்தில் மழைத்தண்ணீர் வழிய ஒரு விளிம்பு இருக்கும். கேரியரின் கால்களை அதில் கவ்வ வைத்து நட்டை முறுக்கினால் போதும்.

அந்தக் கேரியரில் ஏறாதது எது? மெத்தை ஏறியது. மெத்தைமேல் பாய், பாய்மேல் அண்டா, அண்டாவுக்குள் முறுக்கு. பீரோ மல்லாந்து படுத்துக்கொண்டு போனது. சீர்வரிசைக் கட்டில் நாலு காலையும் வானத்துக்குத் தூக்கிக்கொண்டு திண்டிவனம் தாண்டியது. தேர்தல் வந்தால் குழாய் ஸ்பீக்கர், தேர்தல் முடிந்தால் பம்புசெட் மோட்டார். பெரியப்பா கயிறு கட்டினால் அதில் ஒரு தீர்மானம் இருக்கும். ஒரு ஜன்னல் வழியாக உள்ளே விட்டு, எதிர் ஜன்னல் வழியாக வெளியே இழுத்து, கூரையைச் சுற்றி முடிச்சுப் போடுவார். அதற்கப்புறம் நாலு கதவும் திறக்காது. இருப்பவர்கள் இருக்க வேண்டியதுதான். ஊர் போய்ச் சேர்ந்ததும் முடிச்சை அவிழ்க்கவும் அவர்தான் வர வேண்டும். அவரோ பின்னால் வரும் பஸ்ஸில் ஏறியிருப்பார்.

முகத்துக்கு வருகிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

காற்று வழுக்கிக்கொண்டு போக வேண்டும், மைலேஜ் கூட வேண்டும் என்று அந்த விளிம்பைக் கூரைக்குள்ளேயே அமுக்கிவிட்டார்கள். சரி, பெட்ரோல் மிச்சம். அப்புறம் அதே கூரையில் கம்பியை எதற்கு ஒட்டினார்கள்? போகிற காற்றை மறிக்கவா?

டிக்கியில் வை என்பார்கள். டிக்கி எங்கே இருக்கிறது? 2006 பட்ஜெட்டில் 4 மீட்டருக்கு மிகாத சின்னக் கார்களுக்கு எக்சைஸ் வரி 24 சதவீதத்திலிருந்து 16 ஆனது. உடனே எல்லாரும் டேப்பை எடுத்தார்கள். 2008-இல் இண்டிகோவின் பின்பக்கத்தை நறுக்கி 3,988 மில்லிமீட்டரில் நிறுத்தினார்கள். 2012-இல் டிசையர், 3,995. மற்ற நாடுகளில் காரின் அழகை இத்தாலிக்காரர் வரைவார். நம் நாட்டில் வரைந்தவர் சிவகங்கைக்காரரான நிதியமைச்சர்.

நறுக்க டிக்கி தீர்ந்ததும் உயரத்தில் இறங்கினார்கள். இப்போது எல்லாமே மலையேறுகிற வண்டி. சக்கரத்தைச் சுற்றிக் கறுப்பு பிளாஸ்டிக். பம்பருக்கு அடியில் பாறை தட்டாமலிருக்க வெள்ளி நிறத்தில் ஒரு தகடு, அதுவும் பிளாஸ்டிக். ஏறப்போகிற மலை என்னவோ பல்லாவரம் மேம்பாலம். நாமும் அதைத்தானே கேட்டுக் கேட்டு வாங்குகிறோம்?

ஆகவே கம்பெனிகளிடம் முறையிட்டுப் பயனில்லை. அடுத்த பட்ஜெட் போடுகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: கயிறு கட்ட நாலு உறுதியான கொக்கி வைத்த காருக்கு 8 சதவீதம் வரிக் குறைப்பு என்று ஒரு வரி சேருங்கள். மறு மாதமே எல்லாக் காரிலும் கொக்கி முளைத்துவிடும்.