மேக்கைக் கொல்ல வந்தவர்கள்

நிரலைக் கட்டித் தரும் மேக் என்ற கருவிக்காக எழுதுகிற மேக்ஃபைலில் கட்டளை வரிக்கு முன்னால் ஒரு டேப் இருக்க வேண்டும். எட்டு ஸ்பேஸ் அடித்தாலும் பார்க்க அப்படியேதான் இருக்கும். ஆனால் மேக் ஒத்துக்கொள்ளாது. ‘மிஸ்ஸிங் செப்பரேட்டர், ஸ்டாப்’ என்று ஒரு வரியைக் கக்கிவிட்டுப் படுத்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத இந்த ஒற்றை எழுத்தால் வீணாய்ப் போன ராத்திரிகளுக்கு உலகம் நஷ்டஈடு கேட்டிருந்தால், பெல் லேப்ஸ் கட்டடத்தை விற்றாலும் கட்டி முடித்திருக்க முடியாது.

1976-ல் அந்த பெல் லேப்ஸில்தான் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் மேக்கை எழுதினார். சக ஊழியர் ஸ்டீவ் ஜான்சன் ஒரு காலைப் பொழுதைப் பிழை தேடியே தொலைத்திருந்தார். பிழையை முன்னமே திருத்தியாகிவிட்டது. திருத்திய கோப்பை மறுபடி கம்பைல் செய்யத்தான் மறந்துபோயிருந்தார். எந்தக் கோப்பு எதிலிருந்து உண்டாகிறது, எது எதைவிடப் புதியது என்று தேதியைப் பார்த்து, மாறியதை மட்டும் திரும்பச் செய்கிற சின்ன நிரல் அப்படித்தான் பிறந்தது. டேப் விஷயத்தில் சொதப்பிவிட்டோம் என்பது சில வாரங்களிலேயே ஃபெல்ட்மனுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்த ஆரம்பித்திருந்தார்கள், பெரும்பாலும் நண்பர்கள். அவர்கள் மனம் கோணக் கூடாதே என்று அப்படியே விட்டுவிட்டார். பத்துப் பேர் மனம் குளிர்ந்தது. அவர்களுக்குப் பின்னால் வந்த தலைமுறைகள் டேப்பைத் தேடிக்கொண்டிருக்கின்றன. 2003-ல் மேக்குக்காக அவருக்கு ஏசிஎம் விருது கொடுத்தார்கள். டேப்புக்கும் சேர்த்தா என்று யாரும் கேட்கவில்லை.

மேக்கைத் திட்ட நியாயம் இருக்கிறது என்பதற்காகத்தான் இவ்வளவும். டாலர் அட், டாலர் லெஸ்தேன், டாலர் கேரட் என்று அது வைத்திருக்கிற குறிகளைப் பார்த்தால் கார்ட்டூனில் கெட்ட வார்த்தைக்குப் பதில் போடுவார்களே, அந்த மாதிரி இருக்கும். ஒரு மேக்ஃபைல் இன்னொரு மேக்ஃபைலைக் கூப்பிட, அது மூன்றாவதைக் கூப்பிட, எது எதைச் சார்ந்தது என்று ஒருவருக்கும் தெரியாத கூத்தைப் பற்றி பீட்டர் மில்லர் 1998-லேயே கட்டுரை எழுதி எச்சரித்தார். அதைப் படித்துத் தலையாட்டிவிட்டு, மறுநாள் அதே கூத்தைத் தொடர்ந்தவர்கள் பல லட்சம். ‘மேக் தெரியாதவன் புரோகிராமரே இல்லை’ என்று மீசை முறுக்கும் பெரியவர்களே, உங்கள் மேக்ஃபைலை முழுசாகப் படித்து எத்தனை வருஷம் ஆயிற்று?

இனி, கொல்ல வந்தவர்களைப் பார்ப்போம்.

2000-ல் ஜாவாக்காரர்களுக்கென்று ஆன்ட் வந்தது. மேக்ஃபைல் பிறவியிலேயே தீயது என்று அதன் கையேட்டிலேயே சாபம் இருந்தது. காரணம், மேற்படி டேப். பரிகாரம் என்ன தெரியுமா? எக்ஸ்எம்எல். ஒரு கோப்பை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்தில் வைக்கக் கோண அடைப்புக்குறி திறந்து, பெயர் சொல்லி, மேற்கோள் குறி போட்டு, மூடி, மூடியதையும் மூட வேண்டும். டேப்புக்குப் பயந்து ஓடியவர்கள் இதில் வந்து விழுந்தார்கள். எக்ஸ்எம்எல்லைத் தேர்ந்தெடுத்தது பற்றிப் பின்னாளில் ஆன்ட்டை எழுதியவரே வருத்தப்பட்டார். அவர் வருத்தப்பட்டார் என்பதற்காக நம் கோப்புகள் சுருங்கிவிடவில்லை. ஆன்ட் சரியில்லை என்று மேவன் வந்தது, எக்ஸ்எம்எல்லை விடாமல். எக்ஸ்எம்எல் சரியில்லை என்று கிரேடில் வந்தது, க்ரூவி என்று ஒரு தனி மொழியோடு. இப்போது க்ரூவியும் சரியில்லையாம், கோட்லினில் எழுதச் சொல்கிறார்கள். ஜாவா எழுத வந்த பையன் பில்ட் கோப்புக்காகவே மூன்று மொழி படித்துவிட்டான்.

சிமேக்கின் கதை இன்னும் அழகு. அதற்கென்று தனி மொழி, தனி இலக்கணம், தடிமனான புத்தகங்கள். எல்லாம் படித்து, எழுதி, லினக்ஸில் ஓட்டினால் அது வழக்கமாக உண்டாக்கித் தருவது என்ன? மேக்ஃபைல். மேக்கைக் கொல்லப் புறப்பட்ட வீரர் மேக்குக்கே பிள்ளை பெற்றுப் போட்டிருக்கிறார். நிஞ்ஜா ஒன்றுதான் இந்தக் கூட்டத்தில் யோக்கியம். குரோமுக்காக எழுதப்பட்டது, ‘என் கோப்பை மனிதர் கையால் எழுத வேண்டாம், வேறொரு கருவி எழுதித் தரட்டும், நான் வேகமாக ஓட்டுகிறேன்’ என்று முதலிலேயே சொல்லிவிட்டது. அதனிடம் எனக்குச் சண்டை இல்லை.

ஜாவாஸ்கிரிப்ட் தெருவுக்குள் நான் போகப் போவதில்லை. கிரண்ட், கல்ப், வெப்பேக், பார்சல், வீட், டர்போபேக் என்று பெயர் சொல்லி முடிப்பதற்குள் இன்னொன்று வந்துவிடும். 2016-ல் ஒரு சரத்தின் இடப்பக்கம் இடம் நிரப்புகிற பதினோரு வரி நிரலை ஒருவர் கோபத்தில் பின்வாங்கிக்கொள்ள, உலகத்தின் பாதி பில்ட் கவிழ்ந்த தெரு அது.

பேஸலைப் பற்றிப் பேச வேண்டும். கூகுளுக்குள் பிளேஸ் என்ற பெயரில் இருந்ததை 2015-ல் வெளியே விட்டார்கள். நல்ல கருவிதான், பொய் சொல்லக் கூடாது. 2015 வாக்கில் கூகுளின் ஒரே களஞ்சியத்தில் 200 கோடி வரி இருந்தது. அந்த அளவில் ஒவ்வொரு பில்டையும் தனிக் கூண்டில் அடைத்து, ஒருத்தர் செய்ததை இன்னொருத்தர் திரும்பச் செய்யாமல் பகிர்ந்துகொள்ள, அப்படி ஒன்று வேண்டும். உங்களுக்கு எத்தனை வரி சார்? நாற்பது கோப்பு, ஆறு பேர், அதில் ஒருத்தர் லீவு.

ஆனால் உங்களிடமும் பேஸல் வரும். எப்படி வரும் என்று பார்த்திருக்கிறேன். புதிதாகச் சேர்ந்த டீம் லீட் முதல் வாரமே, “ப்ரோ, மேக் எல்லாம் தாத்தா காலத்துச் சமாச்சாரம். போன கம்பெனியில நாங்க பேஸல்தான்” என்பார். பழைய பில்டில் என்ன ஓடுகிறது என்று அவர் பார்த்திருக்க மாட்டார். ஆறு மாதம் மைக்ரேஷன் நடக்கும். காலாண்டுக் கூட்டத்தில் ஸ்லைடு போடுவார்கள், மேலாளர் கை தட்டுவார். ரெஸ்யூமேயில் ஒரு வரி ஏறும். அந்த வரி அவரை வேறொரு கம்பெனிக்குத் தூக்கிக்கொண்டு போகும். பாதி மாறிய பில்ட், மாறாத மீதி, இரண்டையும் ஒட்டுப் போட ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். இவை மட்டும் இங்கேயே இருக்கும். புதிதாக வருகிற பெண், “இது ஏண்ணே இப்படி இருக்கு?” என்று கேட்டால், பக்கத்தில் இருக்கிறவர், “தொடாதம்மா, ஓடுதுல்ல, விடு” என்பார்.

எனக்குக் கோபம் வருவது இந்த ‘தொடாதம்மா’வில்தான். யாரும் தொடாத பில்டுக்குள் என்ன நுழையும் என்று பாருங்கள்.

2024 மார்ச் 29 அன்று மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ஆந்த்ரேஸ் ஃபிராய்ண்ட் ஒரு செய்தியை வெளியிட்டார். எஸ்எஸ்எச் லாகின் அரை வினாடி தாமதிக்கிறதே என்று துருவிக்கொண்டு போனவர், எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவிக்குள் கள்ளக்கதவு வைக்கப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்திருந்தார். அது எங்கே இருந்தது? சி நிரலில் வரி வரியாகத் தேடினாலும் அகப்படாது. சோதனைக் கோப்புகள் என்ற பெயரில் பைனரிக் குப்பைக்குள் விஷம் இருந்தது. அதை எடுத்துப் பிரித்து லைப்ரரிக்குள் செருகிய வேலையைச் செய்தது பில்ட். அதைத் தொடங்கிவைத்த எம்4 என்ற பில்ட் மேக்ரோ கோப்பு, எல்லோரும் பார்க்கிற களஞ்சியத்தில் கிடையாது. வெளியீட்டுப் பொட்டலத்தில் மட்டும் இருந்தது. டெபியன் அல்லது ஆர்பிஎம் பொட்டலமாகக் கட்டும்போதுதான் அது கண் விழிக்கும். மற்ற நேரத்தில் தூங்கும்.

கள்ளக்கதவு வைத்தவன் அதை அங்கே ஏன் வைத்தான்? அங்கே யாரும் பார்க்க மாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். ஆட்டோகான்ஃப் என்ற பழைய பில்ட் கருவி உமிழ்கிற கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் ஆயிரக்கணக்கான வரி. அதைப் படித்த மனிதன் ஒருவனைக் காட்டுங்கள். பழைய கருவியின் குற்றம் என்று புதுக் கட்சிக்காரர்கள் துள்ள வேண்டாம். அதே ஆள் சிமேக் கோப்பிலும் கை வைத்திருந்தான். லேண்ட்லாக் என்ற பாதுகாப்பு வேலி இந்தக் கணினியில் கிடைக்குமா என்று பார்க்க ஒரு துண்டு சி நிரலைக் கம்பைல் செய்து பார்ப்பார்கள். அதன் நடுவே, தனி வரியில், ஒரே ஒரு முற்றுப்புள்ளி வைத்தான். நிரல் கம்பைல் ஆகாது. ஆகாவிட்டால் ‘வேலி இல்லை போலிருக்கிறது’ என்று சிமேக் சத்தமில்லாமல் அடுத்த வேலையைப் பார்க்கும். டேப்பைக் கேலி செய்து கால் நூற்றாண்டு சம்பாதித்தவர்களின் கருவியை ஒரு புள்ளி வைத்து ஏமாற்றியாயிற்று. திருடனுக்குக் கருவிப் பாகுபாடு கிடையாது.

அந்த எக்ஸ்இசட்டைப் பராமரித்தவர் ஒற்றை ஆள், சம்பளம் இல்லாமல். மனசு சரியில்லை என்று சொன்னவரை, ‘வேகம் போதாது, வேறொருத்தரிடம் ஒப்படை’ என்று முகமில்லாத பெயர்கள் நச்சரித்தன. அந்த நெருக்கடியில்தான் கள்ளன் உள்ளே வந்தான். அவர் நிரலைத் தங்கள் சர்வர்களில் ஓட்டிக் காசு பார்த்த கம்பெனிகளுக்கு அதைக் கவனிக்க ஒரு ஆள் கிடைக்கவில்லை. மேக்கைக் கொல்லும் அடுத்த கருவி எழுத மட்டும் பத்துப் பேர் கொண்ட குழு எப்போதும் கிடைக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கூபர்நெட்டீஸ், கூகுள் வீட்டிலேயே பிறந்த பிள்ளை, பேஸலையும் மேக்கையும் சேர்த்தே சில ஆண்டு சுமந்து பார்த்தது. 2021-ல் பேஸலைக் கழற்றிவிட்டு, மேக்ஃபைல் போதும் என்று முடிவு செய்தது. லினக்ஸ் கெர்னலை இன்றைக்கும் மேக்தான் கட்டுகிறது.

அதனால், அடுத்த முறை யாராவது உங்கள் பில்டை மாற்ற வந்தால் தடுக்காதீர்கள். “இப்போதிருக்கிற பில்டில் என்னென்ன கட்டளை ஓடுகிறது, வரிசையாகச் சொல்லுங்கள்” என்று மட்டும் கேளுங்கள். சொன்னால் தாராளமாக மாற்றட்டும். முழித்தால், மேக்குக்கு ‘-என்’ என்று ஒரு கொடி உண்டு என்று சொல்லிக்கொடுங்கள். எதையும் ஓட்டாமல், என்ன ஓட்டப்போகிறது என்பதை மட்டும் அச்சிட்டுக் காட்டும். அதை ஒரு முறை படித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.